மூன்று மணிக் கூட்டம்

ஆத்தூரில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதென்றால் முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு என்று. விடியுமுன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, சட்னி அரைத்து வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். 2024 ஆடியில் ஒரு புதன்கிழமை அப்படி ஒரு நாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் மட்டும் இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கே அவன் வந்துவிட்டான். சுவரோரம், பிளக் இருக்கிற மேஜை. நரசிங்கபுரத்துப் பையன், எங்கள் தெருதான். சேலத்தில் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தவன். சித்திரையில் கம்பெனி ஆபீஸைக் காலி செய்துவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அவனும் பி.ஜி. ரூமை ஒப்படைத்துவிட்டு, இரண்டு பெட்டியோடு ஊருக்கு வந்தான். தெருவில் எல்லோரும் அதை வசதி என்றுதான் பேசிக்கொண்டோம்.

டீ சொன்னான். வந்த டீயில் ஏடு படிந்தது, குடிக்கவில்லை. காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன். லேப்டாப்பில் வேலை செய்வதுபோல் விரல் நகர்ந்தாலும் ஒரே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். இடதுபுறம் கூட வேலை பார்ப்பவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றின் பக்கத்தில் பச்சைப் புள்ளி, சில பெயர்கள் சாம்பல் நிறம். அவன் பார்த்ததெல்லாம் அந்தச் சாம்பல் நிறப் பெயர்களைத்தான்.

போன் வந்தது. குரலைத் தாழ்த்தினான். "உனக்கு இன்வைட் வந்துச்சா?... டெஸ்டிங் டீம்ல மூணு பேருக்குக் காலைல லாகினே ஆகலையாம்... இல்ல, மெயில் எதுவும் வரல... மூணு மணிக்கு டவுன் ஹால்னு மட்டும் போட்டிருக்காங்க."

வேலை போன சேதி அந்தத் தொழிலில் இப்படியும் வருகிறது. சொல்ல ஒரு மனிதர் வருவதில்லை. பாஸ்வேர்டு போட்டால் திறக்காது. அவ்வளவுதான்.

மேஜைமேல் கிடந்த பேப்பரில், ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ் பற்றிய செய்தி இருந்தது. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட நிறுவனம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் இருந்தது. அதே வருஷம் அக்டோபரில் 2,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. 2024 மார்ச்சில் பெங்களூர் தலைமையகம் தவிர மற்ற ஆபீஸ்களையெல்லாம் காலி செய்தது. சம்பளம் தள்ளித் தள்ளி, அதுவும் பாதிப் பாதியாக வந்தது. ஏப்ரலில் பலருக்குப் போன் போட்டே வேலை இல்லையென்று சொன்னது. அந்தச் சட்டைக்குத் தரவேண்டிய பாக்கியில் சுமார் 158 கோடி ரூபாய் கேட்டு கிரிக்கெட் வாரியம் போட்ட மனுவில்தான் ஜூலை 16 அன்று திவால் நடவடிக்கைக்கு உத்தரவானது. அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியது 2022 மார்ச்சில். வட்டி மலிவாக இருந்த காலத்தில் இதுபோன்ற கம்பெனிகளில் கொட்டிய முதலீடு அதன்பிறகு வற்றியது. வாஷிங்டனில் எடுத்த முடிவு, இரண்டு வருஷம் கழித்து, வசிஷ்ட நதிக்கரையில் ஒரு பையன் டீ குடிக்காமல் உட்கார்ந்திருப்பதுவரை வந்துவிட்டது.

அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்துக் கவிழ்த்து வைத்தான்.

மறுபடி போன். இந்தத் தடவை அம்மா. "இல்லம்மா, மீட்டிங் இருக்கு... ஆவணி பொறக்கட்டும்மா, அப்புறம் பொண்ணு வீட்டுல பேசிக்கலாம்... ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்." வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

ஒரு மணிவாக்கில் அவன் அப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லில் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். ஜவ்வரிசி மில்லில் வறுக்கிற வேலை. அடுப்புச் சூட்டிலேயே பல வருஷம் நின்றவர், முன்கை கறுத்திருக்கும். ஆடியில் கிழங்கு வரத்துக் கிடையாது, மில்லு நின்றிருந்தது. எதிரில் உட்கார்ந்து, மகன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க மில்லு நின்னா மேஸ்திரி முன்னாடியே சொல்லிடுவாரு கண்ணு. இந்த சனிக்கிழமையோட சரி, கிழங்கு தீந்துச்சுன்னு. உங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

"கம்ப்யூட்டர்லதாம்ப்பா வரும்."

"என்னிக்கு?"

"தெரியலப்பா."

அவர் தலையை ஆட்டினார். மில்லுக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் தெரிந்த ஒரு சாதாரண மரியாதை, கோடிக்கணக்கில் முதலீடு வாங்கிய கம்பெனிக்கு ஏன் இல்லை? ஆள் குறைப்பதற்குக் காரணம் இருக்கலாம். நாளைச் சொல்லாமல் ஆளை நிற்கவைப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தேதி அங்கே யாரோ ஒருவருடைய கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இவன் மட்டும் தூங்காமல், பெற்றவளிடம் பொய் சொல்லிக்கொண்டு.

மூன்று மணிக் கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் அப்பாவிடம் சொன்னான்: "லிஸ்ட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள வருமாம்."

இன்னும் இரண்டு நாள்.

அதற்குப் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 என்று தன்னுடையவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பத் தொடங்கினான். லாகின் போய்விட்டால் எதுவும் கைக்கு வராது. யாரோ சிநேகிதன் போனில் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டம், 1947, பிரிவு 25-எஃப்: ஒரு வருஷமாவது வேலை பார்த்தவரை நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முழுதாய் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். சாஃப்ட்வேர் ஆட்கள் 'தொழிலாளி' என்பதற்குள் வரமாட்டார்கள் என்று கம்பெனிகள் வாதாடும். ஆனால் 2015 ஜனவரியில் சென்னையில் டி.சி.எஸ். ஊழியரான ஒரு கர்ப்பிணி உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை உண்டென்று 2016-ல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்தியது. அதனால்தான் பல இடங்களில் 'நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பிரிவு உதவாது.

"ராஜினாமா கேட்டாக் குடுக்காதன்னு சொல்றான்ப்பா."

"எத்தன வருஷம் ஆச்சு உனக்கு?"

"மூணு வருஷம் நாலு மாசம்."

அப்பா விரல் விட்டு எண்ணினார். "நாப்பத்தஞ்சு நாளு. நோட்டீஸ் ஒரு மாசம். வாயில சொன்னா நம்பாத, எழுதிக் கேளு. பி.எஃப். இதுல சேத்தியா?"

"அது தனிப்பா."

"அப்ப அதையும் தனியா எழுதிக்க. சாயந்தரம் அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."