ஆடாத ஆட்டத்தின் வாகை

வெற்றி எது என்று கேட்டால், வென்றவர் கையிலுள்ள கோப்பையைச் சுட்டிக்காட்டி விடையளித்துவிடுகிறோம். 2016-ஆம் ஆண்டின் கோப்பா சுதமெரிக்கானா கால்பந்துப் போட்டியை நினைக்கும்போது அந்த விடை நமக்குப் போதவில்லை. தென் அமெரிக்கக் கழகங்கள் மோதும் அப்போட்டியில் அவ்வாண்டு இறுதியாட்டம் நடைபெறவே இல்லை; ஆயினும் ஒரு கழகம் வாகை சூடியது.

பிரேசிலின் தென்பகுதியிலுள்ள சப்பெக்கோ நகரில் 1973-இல் தோன்றியது சப்பெகோயென்சே கழகம். 2009-இல் நாட்டின் நான்காம் நிலையில் ஆடிய அக்கழகம், 2014-இல் முதல் நிலையை எட்டியது. 2016 நவம்பர் 23 அன்று அரையிறுதியில் அது எதிர்கொண்டது அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவை. லொரென்சோ மாஸ்ஸா என்னும் சலேசியக் குருவின் அரவணைப்பில் தோன்றிய கழகம் அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இளமை முதல் நேசித்ததும் அதுவே. ஆட்டத்தின் கடைசிக் கணங்களில் வலையை நோக்கி வந்த பந்தைக் காவலர் தனிலோ காலால் தடுத்தார். அதனால் சப்பெகோயென்சே இறுதியாட்டத்திற்குத் தகுதி பெற்றது. ஊரே ஆர்ப்பரித்தது.

அந்த மகிழ்ச்சியே அவர்களை விமானத்தில் ஏற்றியது. நவம்பர் 28 இரவு, கொலம்பியாவின் மெதெயின் நகரை நெருங்குகையில் விமானம் மலையில் வீழ்ந்தது. பயணித்த 77 பேரில் 71 பேர் மாண்டனர். அவர்களுள் தனிலோவும் ஒருவர். வீரர்களில் பிழைத்தவர் மூவர் மட்டுமே.

இறுதியாட்டம் நடக்கவேண்டிய நவம்பர் 30 அன்று, அதே நேரத்தில், மெதெயின் அரங்கு நிரம்பியது. எதிரணியான அத்லெத்திகோ நசியோனாலின் மக்கள் வெள்ளாடை அணிந்து, மெழுகுவர்த்தி ஏந்தி, தாம் அறியாத அந்நியருக்காக அழுதனர். கோப்பையைச் சப்பெகோயென்சேவுக்கே அளிக்குமாறு அக்கழகம் வேண்டியது. டிசம்பர் 5 அன்று அவ்வேண்டுகோள் நிறைவேறியது.

இந்தப் பெருந்தன்மையைப் போற்றும் நாம் ஒன்றை மறக்கலாகாது. அவ்விமானம் வீழ்ந்தது விதியால் அன்று, எரிபொருள் தீர்ந்ததால். தொலைவுக்கு ஏற்ற எரிபொருளும், எதிர்பாராத் தாமதத்திற்கான இருப்பும் இல்லாமலேயே அது புறப்பட்டிருந்தது. கண்ணீரும் கோப்பையும் அந்த அலட்சியத்திற்குத் திரையாகிவிடக் கூடாது. இறந்தோரை நினைப்பது ஓர் அன்புக்கடன் என்றால், அவர்கள் ஏன் இறந்தனர் என்று கேட்பதும் அக்கடனின் ஒரு பகுதியே.

2017-இல் ரெகோப்பா போட்டியில் இவ்விரு கழகங்களும் களத்தில் சந்தித்தன. முதல் ஆட்டத்தில் சப்பெகோயென்சே 2-1 என வென்றது. மெதெயினில் நசியோனால் 4-1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. துயரில் தன் உரிமையையே ஈந்த கழகம், ஆட்டத்தில் ஒரு பந்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. மீண்டெழுந்தவனை இரக்கத்திற்குரியவனாக நடத்தாமல், தனக்கு நிகரான எதிராளியாக ஏற்றுக்கொண்டது. அழுபவரோடு அழுவது அன்பு. அவர் எழுந்து நின்றபின் அவரைச் சமமாக மதிப்பதும் அன்பே. நாம் பெரும்பாலும் கற்கத் தவறுவது இந்த இரண்டாவதையே.