பிரட்டுக்களத்தில் இரண்டு கணக்கப்பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். எங்கள் பிழையைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

வீட்டில் நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். முன்னறையில் நான்கு பழைய கணினி, ஒரு 4ஜி ரவுட்டர், கொஞ்சம் கேபிள். ஞாயிற்றுக்கிழமைகளில் பசறை, ஸ்பிரிங்வெளி, ஹாலிஎல பக்கத் தோட்டப் பிள்ளைகள் சிலர் வந்து வலையமைப்புப் பாடத்தைக் கையால் செய்து பார்க்கிறார்கள். புத்தகத்தில் ஐ.பி. முகவரி, டி.எச்.சி.பி., டி.என்.எஸ். எல்லாம் இருக்கிறது. ஆனால் ரவுட்டரைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் பாடமாக்கல்தான். 2021இல் எங்கள் ஊவாவின் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழி நடந்து பாறை உச்சியில் உட்கார்ந்து படித்த செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லுணுகலைப் பக்கம் மரத்தில் குடில் கட்டி ஏறிப் படித்தார்கள். அந்த நாட்களில் வந்த யோசனைதான் இந்த முன்னறை.

சில கிழமைகளுக்கு முன் ஒரு ஞாயிறு. நான்கு கணினியில் இரண்டுக்கு இன்டர்நெட் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினோம். ஒன்று சரிவந்தது, மற்றொன்று போனது. ரவுட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தோம், அணைத்துப் போட்டோம். கம்பனிக்கு அழைத்தோம். லைனில் பிழை இல்லை என்றார்கள். அது உண்மைதான், எங்கள் போன் அதே வைஃபையில் நன்றாக வேலை செய்தது.

படிப்பித்த முறைப்படியும் பார்த்தோம். வேலை செய்யாத கணினியிலிருந்து கேட்வேயை பிங் பண்ணினோம், பதில் வந்தது. 8.8.8.8ஐ பிங் பண்ணினோம், பதில் இல்லை. லைன் சரி, கேட்வே பதில் தருகிறது, அப்படியானால் கணினியில்தான் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினோம்.

முந்திய கிழமை அந்தக் கணினிகளில் கையால் ஐ.பி. கொடுத்துப் பழகியவன் ஒரு தோட்டத்துப் பையன். "நீ என்னத்த நோண்டின மகன்?" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டோம். கேட்ட தொனியும் நல்லதாக இல்லை. "நா எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டுத்தான் சேர் போனேன்" என்றான். நாங்கள் நம்பவில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. கொழுந்து பறிக்கும் தாய் கொடுத்த பஸ் காசில் வருகிற பிள்ளை. இனி வரமாட்டான் என்று மனைவி குசினியில் மெல்லச் சொன்னார்.

அவன் போகவில்லை. கொப்பியை எடுத்து நான்கு கணினியிலும் ஒவ்வொன்றாக ஐ.பி.கொன்பிக் அடித்து, வந்ததை நிரலாக எழுதினான். வேலை செய்யும் இரண்டிலும் கேட்வே 192.168.8.1. வேலை செய்யாத இரண்டிலும் 192.168.1.1.

"சேர், பிரட்டுக்களத்துல ரெண்டு கணக்கப்பிள்ளை நின்னு பேர் போடுற மாதிரி இருக்கு."

எங்களுக்கு உடனே உறைத்தது. கேபிள் மாட்டும் துளை போதாது என்று மூலையிலிருந்த பழைய ரவுட்டரை இடையில் செருகியது நாங்கள். கடவுச்சொல் மறந்துபோய், ஊசியால் குத்தி ரீசெட் பண்ணியதும் நாங்கள். ரீசெட் ஆனதும் அது கம்பனி நிலைக்குத் திரும்பி, கேட்கிற கணினிக்கெல்லாம் தானே முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. கணினி எந்த ரவுட்டரின் பதில் முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். பழைய ரவுட்டரிடம் பேர் பதிந்த கணினி, வெளியே போக வேண்டியதையெல்லாம் அதனிடமே கொடுக்கும். அதற்கோ வெளியே வழியில்லை. பிங் பண்ணியபோது பதில் தந்த கேட்வேயும் இதுதான். பதில் வந்ததைப் பார்த்த நாங்கள், பதில் சொன்னது யார் என்று பார்க்கவில்லை. போனில் பழைய முகவரியே தவணை முடியாமல் இருந்ததால் அது தப்பியது.

பழைய ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதற்கு 192.168.8.2 என்று கொடுத்தோம். கணினிகளில் முகவரியை விடுவித்துப் புதிதாக வாங்கினோம். பத்து நிமிஷ வேலை.

ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவர்களும் நாங்கள்தான். எல்லோருக்கும் முன்னால் ஏசியதால் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். அவன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, "சேர், அத இன்னொருக்கா ரீசெட் பண்ணிப் பாக்கட்டுமா? மத்தவங்களும் கண்டுபிடிக்கட்டும்" என்றான். அன்று பின்னேரம் முழுக்க அதுதான் பாடம். அவனே குழப்பினான், மற்றப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

வீட்டில் இப்படி நடந்தால் யாரையும் ஏசுவதற்கு முன் இதைப் பாருங்கள்: வேலை செய்யும் கணினியிலும் செய்யாத கணினியிலும் ஐ.பி., கேட்வே இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் எந்த ரவுட்டரும் பேர் பதியவில்லை, கேபிளைப் பாருங்கள். கேட்வே வேறுபட்டால் வீட்டில் இரண்டு ரவுட்டர் முகவரி கொடுக்கக்கூடும். 8.8.8.8 பதில் தந்தும் இணையத்தளம் திறக்காவிட்டால் பெரும்பாலும் டி.என்.எஸ்.

பையன் அடுத்த ஞாயிறும் வந்தான், அல்ஹம்துலில்லாஹ். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். உங்கள் வீட்டு மூலையில் பாவிக்காத ரவுட்டர், கேபிள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். ரீசெட்டை மட்டும் இனிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.