விசில் வராத குக்கர்

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் விடியற்காலைதான் அடுப்படிக்கு அவசர நேரம். பயர் ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆள் ஏற்றுகிற வேன் தெருமுனையில் ஹாரன் அடிப்பதற்குள் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் இறங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, குக்கர் விசில் அடிக்காமல் ஓரமாக ‘புஸ்... புஸ்...’ என்று ஆவியை விட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? அனுபவித்த சகோதரிகளுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்!

எங்கள் வீட்டு அஞ்சு லிட்டர் குக்கர் மூன்று மாதம் என்னை இப்படிப் படுத்தி எடுத்தது. முதலில் காஸ்கெட்டை மாற்றினோம். இரண்டு நாள் நன்றாக விசில் அடித்தது. மூன்றாம் நாள் பழைய கதை. பிறகு வெயிட்டை மாற்றினோம். பிறகு கைப்பிடி ஸ்குரூவை முடுக்கினோம். ஒவ்வொரு ரிப்பேருக்கும் இரண்டு நாள் ஆயுசு. விருதுநகர்ப் பருப்பு என்றால் ஊரெல்லாம் பேர். அதுவோ என் குக்கரில் கல் மாதிரி கிடந்தது. கியாஸும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே தீர்ந்தது.

நாலாவது தடவை போனபோது ரிப்பேர்க்காரத் தம்பி ஒரு யோசனை சொன்னார். “யக்கா, இந்த சேஃப்டி வால்வுதான் வம்பு பண்ணுது. இதைக் கழட்டிட்டு ஒரு போல்ட்டு போட்டு அடைச்சுத் தாரேன். பொறவு ஒரு பொட்டு ஆவி வெளிய போவாது.”

கூட வந்திருந்த என் மாமியாருக்கு வந்ததே கோபம்! இருபது வருஷம் வெடிக்குச் சணல் சுற்றின கை அவருடையது. “ஆவி போற வழிய அடைக்கவா? ஏ தம்பி, நீ குக்கரு செய்யுதியா, அணுகுண்டு செய்யுதியா? குடு அதை. வா தாயி, வீட்டுக்குப் போவோம்” என்று குக்கரைப் பிடுங்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அத்தை சொன்னது வெறும் கோபப் பேச்சு இல்லை. புஸ்வாணத்துக்கு மேலே வாய் திறந்திருக்கிறது. பொறி பூவாகச் சொரிகிறது. அணுகுண்டுக்கோ வழியே கிடையாது. தாளும் சணலுமாக இறுக்கி இருக்கிறது. அதனால்தான் அது வெடிக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த இந்த வித்தியாசம், குக்கருக்கும் அப்படியே பொருந்தும்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ வரை அழுத்தம் ஏறுவதால் சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகிறது. சீக்கிரம் வேகும் ரகசியம் அதுதான். ஒரு கிலோதானே என்று நினைத்துவிடாதீர்கள்! மூடி 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடி முழுவதிலும் 300 கிலோவுக்கு மேல் சேர்ந்து அமுக்குகிறது. நூறு கிலோ மூட்டை மூன்றைத் தாங்கிக்கொண்டு அந்த மூடி உட்கார்ந்திருக்கிறது.

இதை முதலில் உணர்ந்தவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல் குக்கரின் முன்னோடியான பாத்திரத்தைச் செய்தார். அதற்குப் பாதுகாப்பு வால்வு செய்தவரும் அவரேதான். நம் நாட்டிலும் ஒரு பாடம் நடந்திருக்கிறது. வட இந்தியாவில் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தபோது, டி.டி.கே. பிரஸ்டீஜ் நிறுவனத்தின் டி.டி. ஜகந்நாதன் காரணத்தை ஆராய்ந்தார். கடைகளில் விற்ற போலி சேஃப்டி வால்வுகள்தான் காரணம்! சூடு மீறினால் உருகி வழிவிட வேண்டிய வால்வு உருகவில்லை. அதன் பிறகுதான் மூடியின் ஓரத்தில் சின்ன ஜன்னல் போல ஒரு வெட்டு வைத்தார். மற்ற வழியெல்லாம் அடைத்துக்கொண்டாலும் காஸ்கெட் அந்த ஜன்னல் வழியே பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும்.

சரி, எங்கள் குக்கருக்கு என்னதான் நோவு? வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: “ஆவி எங்கிட்டு இருந்து போகுதுன்னு பார்த்தியா?” அதுதான் சரியான கேள்வி. உள்ளே தண்ணீர் மட்டும் ஊற்றி, அடுப்பில் ஏற்றி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். நீங்களும் அப்படிப் பாருங்கள்.

வெயிட்டின் அடியில் சும்மா ஆவி போய்க்கொண்டே இருந்தால் வெயிட் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் குழாயில் அழுக்கு. சேஃப்டி வால்வைச் சுற்றிக் கசிந்தால் அதை மாற்ற வேண்டும். அதே கம்பெனியின் வால்வாகவே வாங்க வேண்டும். மூடியைச் சுற்றிப் பல இடத்தில் கசிந்தால் காஸ்கெட் தளர்ந்துவிட்டது. புதுக் காஸ்கெட் போட்டும் எப்போதும் ஒரே இடத்தில் கசிந்தால் சந்தேகம் விளிம்பின் மேல்.

எங்கள் குக்கரில் கசிந்தது ஒரே இடம்! ஆற விட்டு, துடைத்து, பாத்திரத்தைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்தோம். அறையை இருட்டாக்கி, உள்ளே சின்ன டார்ச்சைப் பொருத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் நூல் அளவுக்கு வெளிச்சம் வந்தது. வீடு மாறியபோது மினி வேனிலிருந்து உருண்டு விழுந்த குக்கர் அது. புதுக் காஸ்கெட் மெத்தென்று இருக்கும் வரை அந்தப் பள்ளத்தை நிரப்பியது. சூட்டில் இறுகியதும் கைவிட்டது. இரண்டு நாள் மர்மம் விளங்கிவிட்டது!

விளிம்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள். 300 கிலோ தாங்க வேண்டிய இடத்தில் தட்டிக் கொட்டி விளையாடலாமா? ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் புதுக் குக்கர் வாங்கினோம். 2021 பிப்ரவரியிலிருந்து அந்த முத்திரை இல்லாத குக்கரை விற்கவே கூடாது என்பது சட்டம். பழைய பாத்திரம் இப்போது மூடியில்லாமல் எங்களுக்கு வெந்நீர் போடுகிறது.

புதுக் குக்கரையும் பேணத்தானே வேண்டும்? கரண்டியை விளிம்பில் தட்டாதீர்கள். அந்தச் சின்னத் தட்டல்களும் பள்ளம் உண்டாக்கும். தினமும் காஸ்கெட்டைக் கழற்றிக் கழுவி, துடைத்து, தனியாக மாட்டி வையுங்கள். சமைக்கும் முன் மூடியைத் தூக்கி, வெயிட் குழாயில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பருப்பு நுரை அதை எளிதில் அடைக்கும். அதனால் பருப்பு வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தண்ணீர் வற்ற விடாதீர்கள். மூடியில் ஜன்னல் வெட்டு இருந்தால் அந்தப் பக்கம் ஆள் நிற்காதபடி திருப்பி வையுங்கள்.

இன்னொன்று. விசில் ஒழுங்காக வந்தும் பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைத் திட்டாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு பருப்பை இறுக்கிவிடும். அன்றைக்குக் குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆவி கசிகிற குக்கரால் சோறு அரை மணி தாமதமாகும், அவ்வளவுதான். ஆவிக்கு வழியில்லாத குக்கரோ அடுப்படியில் நிற்கிறவளையே கேட்கும். ஆகவே சகோதரிகளே, யார் எவ்வளவு மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் சேஃப்டி வால்வை மட்டும் அடைக்க விடாதீர்கள். வேன் போனால் அடுத்த வேன் வரும்!