ஈரறிவுயிரும் ஒரு குப்பி மருந்தும்

மலர்க்குழுவினர் நம்மிடம் நெய்தல் திணை குறித்துக் கட்டுரை வேண்டினர். எழுத அமர்ந்தோம். முன்னறையில் கண்ணாடித் தொட்டியின் மோட்டார் ஓயாது முணுமுணுத்துக் கொண்டிருந்தது. அத்தொட்டியில் ஊர்ந்து திரியும் கடல் நத்தைகளை விட்டுவிட்டு ஏட்டிலுள்ள நெய்தலை எழுத மனம் ஒப்பவில்லை. குழுவினர் பொறுத்தருள்வாராக.

நாம் வாழும் ஓசூர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடலைக் காண வேண்டுமெனில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். இத்தொழில் நகரில் சங்கு என்றால் ஆலைச் சங்குதான். ஆயினும் நமக்கும் சங்குக்கும் பழைய உறவு உண்டு. நம் தாய்வழிப் பாட்டனார் கீழக்கரையில் சங்கு குளித்தவர். மூச்சையடக்கி மூழ்கி எடுத்த சங்குகளைச் சதை அழுகும் வரை குவித்து வைப்பார்களாம்; ஓடு வளையல் அறுக்க வங்காளத்திற்குப் போகும்; வாய்மூடியாகிய சங்கு நகம் தனியே விலைபோகும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில் இத்தொழிலின் செய்திகள் விரிவாக உள்ளன. ஆனால் உயிருள்ள சங்கு எப்படி நடக்கும் என்று பாட்டனாரிடம் நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இருபது ஆண்டுகளாகத் தொல்காப்பிய மரபியலைப் பாடம் சொல்லும் நாம், நந்தும் முரளும் தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டுமே உடைய ஈரறிவுயிர்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த நூற்பாவிற்குச் சென்றுவிடுவதே வழக்கம்.

தொட்டி நம் இளைய மகனின் விருப்பம். அவன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பெருநாள் பணத்தையெல்லாம் சேர்த்து இருநூறு லிட்டர் தொட்டி வாங்கினான். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது என்று, ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவில் உப்பு நிற்கும்படி செய்தான். நீரில் ஊறும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் வரை ஆறு வாரம் எவ்வுயிரையும் விடவில்லை. வெறுந்தண்ணீருக்கா மின்கட்டணம் என்று இல்லத்தரசியார் கேட்டது நினைவிருக்கிறது.

பின்னர்ப் பெங்களூரிலிருந்து மூன்று டர்போ நத்தைகளும் ஐந்து நசேரியஸ் நத்தைகளும் இரு சிறு மீன்களும் நெகிழிப் பைகளில் வந்தன. அத்திப்பள்ளி தாண்டி ஜுஜுவாடி எல்லை வரும்வரை, பேருந்தில் வெயில் படாமல் அவற்றை மடியில் வைத்துக் காத்தோம். வீட்டிற்கு வந்ததும் தொட்டிக்குள் கொட்டிவிடலாம் என்று நாம் எண்ண, மகன் தடுத்தான். நத்தையின் உடலிலுள்ள நீரின் உப்புச்செறிவும் அதைச் சூழ்ந்த நீரின் உப்புச்செறிவும் ஒன்றாகவே இருக்கும். மீனைப் போல அதனைத் தன்னளவில் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. எனவே மெல்லிய குழாயில் முடிச்சிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விழச்செய்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பங்குனி வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவிற்கு உப்பில்லா நீரையே ஊற்ற வேண்டும் என்பதும் அவன் கற்றுத் தந்ததே.

நான்கு மாதம் நன்றாகச் சென்றது. பிறகு மீன்களின் மேல் உப்புத்தூள் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின. கடையில் ஒரு குப்பி மருந்து தந்தனர். மகன் அதன் உறையில் இருந்த சிற்றெழுத்துக்களைப் படிக்க முயன்றான். "வாப்பா, இதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊற்றுவோம். நாளை வரை பொறுங்கள்" என்றான். மீன் இறந்துவிடுமே என்ற பதற்றத்தில், "மருந்துதானே, நஞ்சா?" என்று சொல்லி நாமே ஊற்றினோம்.

மறுநாள் வைகறைத் தொழுகைக்கு எழுந்தபோது மூன்று டர்போக்களும் கண்ணாடியிலிருந்து விழுந்து, பாதம் தொங்க, மல்லாந்து கிடந்தன. தொட்டால் மூடிக்கொள்ள வேண்டிய வாய்மூடி அசையவில்லை. நசேரியஸ்கள் உணவிட்டும் மணலுக்கு மேல் வரவில்லை. மூன்றாம் நாள் வீடெங்கும் துர்நாற்றம். எட்டும் இறந்தன. மீன்கள் பிழைத்தன.

மருந்தில் இருந்தது செம்புச் சத்து. இதைக் கல்லூரித் தோட்டப் பணியாளரிடம் சொன்னபோது அவர் வியப்பே அடையவில்லை. "துத்தம் போட்டா நத்தை நிக்குமா சார்?" என்றார். தக்காளிக்கும் திராட்சைக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோக் கலவை தெளிக்கும் வட்டாரம் இது. செப்புச் சல்ஃபேட் நத்தைக்கொல்லியாகப் பல நாடுகளில் பயன்பட்டது என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். அதினும் வியப்பு, நத்தையின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதே செம்புதான். அதனாலேயே அவ்விரத்தம் நீலம் பாரிக்கும். உள்ளிருந்து உயிர் காப்பது, வெளியிலிருந்து சிறிது மிகுந்தாலும் கொல்கிறது. எம்.ஃபில். பட்டம் பெற்ற நமக்குத் தெரியாதது தோட்டத்தாருக்குத் தெரிந்திருந்தது.

மகன் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. அவன் கடிந்துரைத்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

சுண்ணாம்பு மிகுந்த பாறைகளும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடும் என்பதால் அவற்றை எறிந்தோம். தொட்டியைக் கழுவி, கரிவடிகட்டி இட்டு, செம்பு காணும் சோதனைக் குப்பி வாங்கி, மூன்று மாதம் காத்திருந்தோம். இப்போது நோயுற்ற மீனுக்குத் தனித்தொட்டி உண்டு.

இரண்டாம் முறை வந்த டர்போக்கள் இரண்டு. அவை ஒரே மாதத்தில் கண்ணாடிப் பாசியைத் தின்று தீர்த்துவிட்டன. பளபளக்கும் தொட்டியைக் கண்டு விருந்தினர் பாராட்டுவர். நத்தைக்கோ அது பஞ்சம். உலர்ந்த கடற்பாசியைக் கல்லில் கட்டி இடுகிறோம். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து லிட்டருக்கு நானூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். மார்கழிக் குளிருக்கு வெப்பமூட்டியும் மின்தடைக்கு இன்வெர்ட்டரும் இருக்கின்றன. மல்லாந்த டர்போ தானே நிமிர இயலாமல் மடிவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு காலையும் நிமிர்த்தி வைப்பது நம் கடமையாயிற்று.

கீழக்கரை உறவினர் ஒருவர், "கடையில் எதற்கு? இங்கே பாறையில் பொறுக்கி அனுப்புகிறேன்" என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா என்றும், 2001இல் பல கடல் நத்தையினங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தன என்றும் எடுத்துரைத்தோம். சங்கு குளித்தவரின் பேரன் சொல்வதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்.

புதிய நசேரியஸ்களால் ஒரு வழக்கும் எழுந்தது. இறால் துண்டு ஒன்றை இட்ட சிறு பொழுதில் மணலைக் கிழித்துக்கொண்டு தும்பிக்கை போன்ற குழல்கள் மேலெழுந்தன. "வாப்பா, இதற்கு மோப்பம் இருக்கிறதே! உங்கள் தொல்காப்பியர் இரண்டறிவு என்றல்லவா சொன்னார்?" என்றான் மகன். மூக்கறிவை அவர் சிதலுக்கும் எறும்பிற்கும் அல்லவா மூன்றாம் அறிவாகத் தந்தார்? அன்று விடை கூறவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தோம். நீருக்குள் மணமும் சுவையும் கரைந்த பொருளாகவே உடலை வந்தடைகின்றன. மணம் எங்கே முடிந்து சுவை எங்கே தொடங்கும் என்று நத்தையிடத்து எவ்வாறு கோடு கிழிப்பது? ஆசிரியருக்காக வாதாடுவது நம் தொழில் என்று மகன் நகைக்கிறான். ஆயினும் இப்போது அந்நூற்பாவை அரைமணி நேரமாவது நடத்துகிறோம்.

அவன் இவ்வாண்டு விடுதியில் சேர்ந்து பயில்கிறான். இரவு உணவிற்குப் பின் தொலைபேசியில் அழைப்பான். நலம் கேட்கும் முன்னரே, "டர்போ நிமிர்ந்திருக்கிறதா, வாப்பா?" என்பான். நாம் கைவிளக்கை எடுத்துக்கொண்டு தொட்டியருகே சென்று, பார்த்துவிட்டு விடை சொல்கிறோம்.