கொல்லிமலை போகிறீர்களா? கார் லைட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்!

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளிக்கு வந்துவிட்டால் சமவெளி முடிந்தது. அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் ஏறும்போது பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். ஜன்னலைத் திறந்தால் மலைக்காற்று, கீழே வயல்வெளி என்று பயணமே கொண்டாட்டம்தான்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டு, ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்கி ஆகாய கங்கையில் குளித்துவிட்டு, அதே படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தால் பொழுது சாய்ந்துவிடும். மிளகும் அன்னாசிப்பழமும் டிக்கியில் ஏறும். இருட்டில் இறங்கும்போதுதான் காரின் லைட் சரியானதா என்பது தெரியும்.

வெளிச்சம் எங்கே போகிறது?

மலைக்குப் போகிறோம் என்றதும் பலர் பம்பரிலோ கூரையிலோ எல்.இ.டி. பார் மாட்டிவிடுகிறார்கள். வீட்டு வாசலிலேயே பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கை அறுத்து, ஆன்லைனில் வாங்கிய லைட்டைப் பொருத்துபவர்களும் உண்டு. நேரான நெடுஞ்சாலையில் அது தூரம்வரை அடிக்கும். ஆனால், கொண்டை ஊசி வளைவில் சாலை இருப்பது பக்கவாட்டில். காரின் மூக்கு பார்ப்பதோ பள்ளத்தாக்கை. எத்தனை வாட்ஸ் போட்டாலும் எதிர்மலையின் மரங்கள்தான் பளிச்சென்று தெரியும்.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகச் சங்கப்பாடல் சொல்லும் மலை இது. இந்த லைட்டும் அப்படித்தான். எதிரே வரும் பைக், பஸ், வேன் என எல்லோர் கண்ணையும் ஒரே அடியில் பறித்துவிடும். கண் கூசிய டிரைவருக்குப் பார்வை திரும்பச் சில நொடிகள் ஆகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால்கூட மூன்று நொடியில் கார் 25 மீட்டர் ஓடிவிடும். வளைவில் அத்தனை இடம் கிடையாது.

என்ன செய்யலாம்?

மலைக்குத் தேவை தாழ்வாகவும் அகலமாகவும் விழும் ஒளி. ஃபாக் லைட் அதற்காகவே கீழே பொருத்தப்படுகிறது. பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். ஃபாக் லைட் சாலையின் ஓரத்தைக் காட்டும்.

விலை குறைந்த மாடல் கார்கள் பலவற்றில் பம்பரின் இரு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது ஃபாக் லைட்டுக்கான இடம். அந்த மூடியைக் கழற்றி, கார் நிறுவனத்தின் லைட்டையே மாட்டலாம். பம்பரை அறுக்க வேண்டாம். 55 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். ரிலேயும் ஃப்யூஸும் இல்லாமல் நேராக சுவிட்சில் இணைத்தால் ஒயர் சூடாகி உருகலாம். சந்தேகம் இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஹாலஜன் பல்புக்கான ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறும். பிரேக் லைட்டின் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டவே கூடாது. இறக்கத்தில் பின்னால் வருபவருக்கு அதுதான் எச்சரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் இடமுண்டு.

செலவில்லாத ஒரு வழி

பல கார்களில் ஸ்டீயரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகு இருக்கும். பின் சீட்டில் ஆட்களும் டிக்கியில் சுமையும் இருந்தால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மேல்நோக்கி அடிக்கும். திருகை 2 அல்லது 3-க்குத் திருப்பினால் ஒளி சாலைக்கு இறங்கும்.

இரண்டாவது கியரில் நிதானமாக இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு, லைட்டை டிப் செய்யுங்கள். அந்த வண்டியிலும் ஒரு குழந்தை வளைவுகளை எண்ணிக்கொண்டு வரலாம்.