மார்கழிக் காலையும் நான்காவது கியரும்

மார்கழி பிறந்ததிலிருந்து வாரம் ஒருமுறை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. சிவகாசியில் இருட்டோடு கிளம்பி, விருதுநகரில் நாற்கரச் சாலை ஏறி, கள்ளிக்குடி தாண்டியும் டாக்கோமீட்டர் முள் 3000-ஐ விட்டு இறங்கவில்லை. வேகம் 90. அந்த வேகத்தில் 2000-ஐ ஒட்டி முணுமுணுத்துக்கொண்டு போக வேண்டிய வண்டி அது. பழைய ஆட்டோமேட்டிக் கொரோலா, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. மொத்தம் நாலு கியர், நாலாவதுதான் ஓவர்டிரைவ். எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கியர்பாக்ஸின் வெளித்தண்டு அதைவிடக் கூடுதலாகச் சுற்றிவிடும். அது விழாமல் எஞ்சின் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. "வண்டிக்கும் மேலுக்கு முடியலயாப்பா?" என்றார் அம்மா.

"கியர்பாக்ஸை இறக்கணும் சார், 60,000 ஆயிரும்" என்றார் மதுரையில் ஒருவர். அந்தக் காசுக்கு நான் எங்கே போவேன்? எனக்கு விற்றவர் தெரிந்தே தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டில் திட்டித் தீர்த்தேன்.

விருதுநகர் அண்ணாச்சி முதலில் லிவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். ஓ.டி. ஆஃப் விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்த அணைந்தது. தானாக விட்டுவிட்டு மினுக்கினால் சோலனாய்டிலோ சென்சாரிலோ கோளாறு என்று அர்த்தமாம், மினுக்கவில்லை. குச்சியை உருவி ஆயிலை மோந்தார். நல்ல சிவப்பு, கருகல் வாடை இல்லை.

"மத்தியானம் திரும்பி வரும்போதும் இப்படித்தானா தம்பி?"

யோசித்தேன். மத்தியானம் ஒழுங்காகத்தான் விழுந்தது.

"காலையில டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது?"

அது ஏறினால் பயந்து பார்ப்பேன். ஏறாமல் கிடந்தால் இந்த ஊரில் யார் பார்க்கிறார்கள்?

எஞ்சின் தண்ணீர் ஓரளவு சூடாகாமல் கம்ப்யூட்டர் நாலாவது கியரை விடாது என்றார். சொல்லிக்கொண்டே தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வே இல்லை.

"எவன் தம்பி இதக் கழட்டுனது?"

கழற்றியது யாராகவும் இருக்கட்டும். கழற்றச் சொன்னவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், ரயில் கேட்டில் நின்றபோது வண்டி கொதித்துவிட்டது. வெயில் ஊருக்கு வால்வு எதற்கு என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன். உண்மையில் கொதித்ததற்குக் காரணம், நான் ஊற்றிய போர் தண்ணியின் உப்பு ரேடியேட்டரில் படிந்திருந்ததுதான்.

ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் ஊற்றினார். புது வால்வில் 82 என்று பொறித்திருந்தது. மாட்டுவதற்கு முன் அதை வெந்நீர்ச் சட்டியில் போட்டு, வாய் திறப்பதைக் காட்டினார்.

அடுத்த வாரம் கள்ளிக்குடிக்கு முன்னாலேயே முள் சட்டென்று இறங்கியது. அம்மா தூங்கிப்போனார். விற்றவரைத் திட்டியதைப் பற்றி வீட்டில் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.