அரை கிலோ வீடு

எங்க அப்பா காலத்தில் டென்ட் என்றால் சினிமா கொட்டகை. மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். இன்றைய பையன்களுக்கு டென்ட் என்பது, முதுகில் தூக்கிக்கொண்டு போகிற ஒற்றை ஆள் வீடு!

அக்கா மகன் இமாச்சலில் பாபா கணவாயைக் கடக்கப் போகிறான் (ரஜினிக்குச் சம்பந்தமில்லை!). கூட உள்ளூர் வழிகாட்டி உண்டு. படுக்க மட்டும் ஆளுக்கொரு டென்ட். ''மாமா, அரை கிலோதான் வெயிட்... வாங்கிடவா?'' என்று போனை நீட்டினான். விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டரே வாங்கலாம்.

பி.காம். படித்தவனுக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும். மூன்று கிலோ டென்ட்டை விட்டு ஒன்றரை கிலோவுக்கு இறங்கச் செலவு கொஞ்சம். ஒரு கிலோவிலிருந்து அரை கிலோவுக்கு இறங்கத்தான் பணம் தண்ணீராகப் போகும். அந்த அரை கிலோவிலும் முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்தியா என்று கேட்க வேண்டும். பல கம்பெனிகள் அதையெல்லாம் தனியாகத்தான் போடுகிறார்கள்.

அவனோ பதிலுக்கு எம்மா கேட்வுட் பாட்டியை இழுத்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை 1955-ல், தன் 67-வது வயதில் தனியாக நடந்து முடித்தவர். கேன்வாஸ் ஷூ, கையால் தைத்த துணிப்பை, டென்ட்டுக்குப் பதில் பாத்ரூம் திரைச்சீலை! ''பாட்டிக்கே அது போதும்னா..?''

நியாயம்தான். ஆனால், பாட்டி போன வழியில் ஒதுங்க மரக் கொட்டகைகள் இருந்தன. கதவைத் தட்டினால் சோறு போட்ட வீடுகள் இருந்தன. பாபா கணவாய் கிட்டத்தட்ட 4,900 மீட்டர். இந்தப் பக்கம் கின்னோரில் புல்லும் மழையும்; அந்தப் பக்கம் ஸ்பிட்டியில் கல்லும் காற்றும். தட்ட ஏது கதவு?

அரை கிலோ டென்ட்டுக்குச் சொந்தமாகக் கம்பி கிடையாது. நடக்கிற கைத்தடிதான் தூண். நாலு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். பாறையில் எங்கே அடிப்பது? கல்லைத் தேடிக் கயிறு கட்டலாம்... இருட்டுவதற்குள், காற்றில், விரல் விறைக்காமல் இருந்தால்.

இன்னொரு வில்லன் வெளியே இல்லை, உள்ளேயே படுத்திருக்கிறான். ராத்திரி முழுக்க நம் மூச்சிலும் தோலிலும் கால் லிட்டருக்குக் குறையாமல் ஈரம் போகிறது. ஒற்றைத் துணி டென்ட்டில் அது உள்பக்கமே துளித்துளியாகக் கட்டும். உயரமான ஆள் என்றால் தலையோ காலோ துணியில் உரசி, தூங்கும் பை நனையும். இறகு அடைத்த பை நனைந்தால் சூடு போச்சு. அந்தக் குளிரில் அது வெறும் அசௌகரியம் இல்லை, உயிர் சமாச்சாரம். உள்ளே வலை, வெளியே துணி என்று இரண்டு அடுக்கு இருந்தால் துளி வெளித்துணியோடு நின்றுவிடும். என் ஓட்டு அதற்குத்தான்!

கடைசியில் கம்பியோடு, இரண்டு அடுக்கில், ஒண்ணே கால் கிலோவில் ஒன்று வாங்கினான். மொட்டை மாடியில் போட்டான். சிமென்ட் தரை, முளை இறங்காது, ஆனாலும் நின்றது. உள்ளே அவன் நீட்டிப் படுத்துக்கொள்ள, மேலே அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

''உள்ள ஒழுகுதாடா?''

''இல்லம்மா...''

''இரு, இன்னும் ரெண்டு குடம் கொண்டு வர்றேன்!''